ஏரி ஊருக்கு ரெண்டு நாள்... வானத்தைக் கேட்டுட்டுக் கிளம்புங்க!

பரீட்சை முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். "அப்பா, கொடைக்கானல் போலாம்ப்பா! போட்ல போலாம்ப்பா!" வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மே தினம் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் லீவு. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு என்று ஏரி இருக்கிற மலையூர்களை நோக்கி ஊரே கிளம்பிவிடும்.

நல்லதுதான், போய் வாருங்கள். மலைக்காற்று மனசுக்கு மருந்து. ஆனால் ஒரு கேள்வி. ரூம் பார்த்தீர்கள், வண்டி பார்த்தீர்கள். வானத்தைப் பார்த்தீர்களா?

"மலையில என்ன டாக்டர், ஜில்லுன்னு இருக்கும். அவ்வளவுதானே?" என்பார்கள். அவ்வளவுதான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை மகனும் மருமகளும் கைத்தாங்கலாக என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறது. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. பல வருடமாக ஈளை, அதாவது ஆஸ்துமா உள்ளவர். அன்று நான் செய்த முதல் வைத்தியம் 108-க்குப் போன் செய்ததுதான். சூரணம் கொடுக்கிற நேரமா அது? ஆக்சிஜன் வைத்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, நல்லபடியாக வீடு திரும்பினார்.

பிறகு விசாரித்தேன். சனிக்கிழமை விடிகாலை மதுரையிலிருந்து கிளம்பி, பத்து மணிக்குக் கொடைக்கானல் போய்விட்டார்கள். பளிச்சென்று வெயில். ஸ்வெட்டர் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக்குப் படகில் ஏறினார்கள். நடு ஏரியில் மழை பிடித்துக்கொண்டது. கரைக்கு வர இருபது நிமிடம். கார் நின்றதோ ஏரியின் அந்தப் பக்கம். பெரியவர் ஈரச் சட்டையோடு இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார். இரவு இருமல். இன்ஹேலர் எங்கே? மதுரை வீட்டு அலமாரியில்! "சுத்தமான காத்துல இது எதுக்குப்பா" என்று அவரே வைத்துவிட்டு வந்தாராம்.

மகன் என்னிடம் கேட்டார்: "டிவியில மழைன்னு சொல்லவே இல்லையே டாக்டர்?"

சொல்லியிருந்தார்கள். அவர் மதுரைக்குச் சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறார். வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது, அதற்கு ஏற்ப உடம்பை எப்படித் தயார் செய்வது, இதுதான் இன்றைய பாடம்.

ஒரே மாவட்டம், இரண்டு வானம்

கொடைக்கானல் இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில். திண்டுக்கல் நகரம் சமவெளி. கொடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். இரண்டுக்கும் ஒரே மாவட்ட அறிக்கைதான் வருகிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம்.

ஒரு சுலபமான கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும். மதுரையில் 38 டிகிரி என்றால், 7,000 அடியில் 24 இருக்க வேண்டும். மேகமும் மழையும் சேர்வதால் இன்னும் குறைந்து, மே மாதப் பகலிலேயே 20, 21 டிகிரிதான் இருக்கும். இரவில் 12, 13-க்கு இறங்கிவிடும். ஊட்டியும் ஏறத்தாழ இதே உயரம், இதே குளிர். ஏற்காடு சுமார் 5,000 அடிதான். அங்கே பகல் கொஞ்சம் சூடாகவே இருக்கும். ஆனால் மழை வருகிற விதம் மூன்று ஊரிலும் ஒன்றுதான்.

அடுத்து மழை. அறிக்கையில் "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்று வாசிப்பார்கள். நாம் "ஓரிரு இடம்தானே" என்று விட்டுவிடுவோம். இந்தச் சொற்களுக்கெல்லாம் வானிலைத் துறை ஒரு அளவு வைத்திருக்கிறது. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. சில இடங்கள் என்றால் கால் முதல் அரைப் பங்கு. பல இடங்கள் என்றால் அரை முதல் முக்கால். பெரும்பாலான இடங்கள் என்றால் அதற்கும் மேல். கோடையில் அந்த "ஓரிரு இடம்" பெரும்பாலும் எதுவாக இருக்கும்? மலைதான்!

"கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 சென்டிமீட்டர். "மிக கனமழை" என்றால் 12 முதல் 20. மஞ்சள் எச்சரிக்கை என்றால் விழிப்பாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் ஆபத்து. என் கருத்தைக் கேட்டால், வயதானவர்களும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம் ஆரஞ்சு அன்றே மலைப் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டும். சிவப்பு அன்று யாருமே போக வேண்டாம். ரூமுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.

ஒரே நாளில் நான்கு பருவம்

காலையில் பளிச்சென்று இருந்த வானம் மத்தியானம் ஏன் கொட்டுகிறது? காலை வெயில் மலைச்சரிவைச் சூடாக்குகிறது. சூடான ஈரக்காற்று சரிவோடு மேலே ஏறுகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, மேகமாகிறது. உச்சிப்பொழுது தாண்டியதும் அந்த மேகம் இடியும் மழையுமாகக் கொட்டுகிறது. இருட்டிய பிறகு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மறுநாள் காலை மறுபடியும் பளிச்!

ஆகவே கோடையில் ஏரி ஊரின் ஒரு நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். விடிகாலை, முன்பனிக் காலம் மாதிரி. காலை ஏழு முதல் பதினொன்று வரை, இளவேனில். பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை, கார்காலம். இரவு, பின்பனி. நீங்கள் கொண்டுபோகும் துணி நான்குக்கும் ஆக வேண்டும்.

கொடைக்கானலில் 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியனைப் பார்க்கிறவர்களுக்கும் அங்கே காலை நேரம்தான் தோது. நமக்கும் அதே விதிதான். படகு, ஏரியைச் சுற்றி நடை, சைக்கிள், குதிரை எல்லாவற்றையும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திர வடிவம். சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். காலையில் நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். மத்தியானம் சாப்பிட்டதும் அறைக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம். பாதி வியாதி அங்கேயே தடுக்கப்பட்டுவிடும்.

எந்த வார இறுதி நல்லது?

ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி என்றால் பெரும்பாலும் நான் சொன்ன இந்த நாள்கணக்குப்படியே போகும். மே கடைசி வாரம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய வாரம். தென்மேற்குப் பருவமழை கேரளாவில் தொடங்குவதாகக் கணக்கு வைத்திருப்பது ஜூன் 1. ஆனால் மழைக்கு நம் காலண்டர் தெரியாது.

2025-ஐ நினைத்துப் பாருங்கள். எட்டு நாள் முன்னதாக, மே 24 சனிக்கிழமையே பருவமழை கேரளாவுக்கு வந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை. அன்று ஊட்டி அருகே மரம் விழுந்து, சுற்றுலா வந்திருந்த ஒரு சிறுவன் இறந்தான். அதற்கு முந்தைய வருடம், 2024 மே 17-ல், பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு மாணவன் உயிர் போயிற்று. கீழே மழையே இல்லாதபோதும் மேலே பெய்த மழை அருவியில் இறங்கிவிடும். கொடைக்கானல் போகும் வழியில் எல்லோரும் இறங்கிப் பார்க்கிற வெள்ளி நீர்வீழ்ச்சியும் ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான். அதைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். பாறையில் இறங்க வேண்டாம்.

ஆகவே கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு ஒருமுறை, முந்தின நாள் இரவு ஒருமுறை, கிளம்புகிற காலையில் ஒருமுறை என்று மூன்று முறை அறிக்கையைப் பாருங்கள். ஐந்து நாள் முன்பு சொன்னதை விட, காலையில் சொன்னதற்கு நம்பகம் அதிகம். கூடவே ஒரு விஷயம். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025-ல் சீசனுக்கு வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீங்கள் போகிற சமயம் என்ன நடைமுறை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவம் போடும் கணக்கு

"எல்லாரும்தான் நனையறாங்க, எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அந்த மகன் கேட்டார். நல்ல கேள்வி.

வாதம், பித்தம், கபம் என்று மூன்று உயிர்த்தாதுக்கள். சித்த மருத்துவம் இவற்றைக் காலத்தோடும் இடத்தோடும் சேர்த்தே பார்க்கிறது. கபம் பின்பனிக் காலத்தில் தன் இடத்தில் வளர்ந்து, சித்திரை, வைகாசியாகிய இளவேனிலில் இடம் விட்டுக் கிளம்பும் என்பது நம் நூல்களின் கணக்கு. இது பருவம். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சி நிலத்தில் சுரமும் கப நோயும் மிகும் என்பது இன்னொரு கணக்கு. இது நிலம். பகல் பொழுதில் காலை ஆறு முதல் பத்து வரை வாதம், பத்து முதல் இரண்டு வரை பித்தம், இரண்டு முதல் ஆறு வரை கபம். இது பொழுது. ஆயுளை மூன்றாகப் பிரித்தால் கடைசிப் பங்கு கபத்தின் காலம். இது வயது.

இப்போது அந்தப் பெரியவரைப் பாருங்கள். வைகாசி மாதம், ஏழாயிரம் அடி மலை, பிற்பகல் இரண்டரை மணி, எழுபது வயது. நான்கும் கபத்தின் பக்கமே நின்றன. மேலே ஒரு மழையும் ஈரச் சட்டையும்! குளிர்ந்த காற்று மூச்சுக்குழலைச் சுருங்க வைக்கும் என்று நவீன மருத்துவமும் சொல்கிறது. இந்த நான்கில் பருவத்தையும் வயதையும் நம்மால் மாற்ற முடியாது. நிலத்தைத் தேடித்தான் போகிறோம். நம் கையில் இருப்பது பொழுது ஒன்றுதான். அதனால்தான் "பிற்பகலில் ஏரியில் இருக்காதீர்கள்" என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏறும்போது

வத்தலக்குண்டு தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். இரண்டு மணி நேரத்தில் சுமார் ஆறாயிரம் அடி ஏறுகிறோம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். மூன்று இட்லி போதும். பூரி, பொங்கல், வடை எல்லாம் மறுநாளைக்கு. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். செல்போன் பார்க்கக் கூடாது. தோல் சீவிய சிறு இஞ்சித் துண்டில் உப்புத் தொட்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம். உப்பிட்ட நெல்லி வற்றலும் நல்லது. காது அடைத்தால் கடலைமிட்டாயை மென்று எச்சிலை விழுங்குங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் போதும், அடைப்பு விட்டுவிடும்.

அந்த உயரத்தில் மூச்சோடு கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவர்களுக்குப் பயமில்லை. மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். கொடைக்கானல் அதற்குக் கீழேதான். ஆனால் இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இதுவே கணிசம். முதல் நாள் மேடு ஏறாமல் ஓய்வாக இருக்க வேண்டும்.

ஏரிக்கரையில்

குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. பிள்ளைகளின் கன்னமும் மூக்கும் கறுத்துத் தோல் உரிவது இதனால்தான். தொப்பி போடுங்கள். தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். குளிரில் சிறுநீர் அதிகம் போகும்.

படகில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். முப்பதுக்குள் இடி கேட்டால் இடி பக்கத்தில் இருக்கிறது. உடனே கரை ஏறி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடியில் நிற்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வரலாம். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறார்கள். அது தப்பு. தாராளமாகத் தொட்டு முதலுதவி செய்யலாம்.

நனைந்துவிட்டால்? முதல் வேலை ஈரத்துணியைக் கழற்றுவது. "ரூமுக்குப் போய் மாத்திக்கலாம்" என்று சொல்லாதீர்கள். காரிலேயே ஒரு செட் உலர்ந்த துணியும் துண்டும் இருக்க வேண்டும். தலை, மார்பு, பாதம் மூன்றையும் துடைத்து, குல்லாவும் சாக்ஸும் போட்டு, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

அதற்குத்தான் சுக்கு மல்லிக் காபி. தனியா நான்கு பங்கு, சுக்கு இரண்டு பங்கு, மிளகு அரைப் பங்கு, வாசனைக்கு இரண்டு ஏலக்காய். இளம் வறுவலாக வறுத்துப் பொடி செய்து கொண்டு போங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடியும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் தயார். சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்பட்டி வேண்டாம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகைத் தவிருங்கள்.

இரவு

ராத்திரி தயிர்சாதம், ஐஸ்கிரீம், குளிர்ந்த பழரசம் வேண்டாம். மிளகு ரசம், இட்லி, இடியாப்பம் நல்லது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. நான்கு பல்லைப் பாலில் வேகவைத்து, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை போட்டுக் குடித்தால் கபத்துக்கு நல்லது. தொண்டை கரகரத்தால் உப்பு வெந்நீரில் கொப்பளியுங்கள்.

தாய்மார்களே, ஒரு முக்கியமான எச்சரிக்கை! மலையூர்க் கடைகளில் யூகலிப்டஸ் தைலம் வரிசையாக விற்கும். பெரியவர்கள் மார்பில் தடவலாம். கைக்குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் தடவவே கூடாது. மூச்சுத் திணறல் வரலாம். குழந்தை அதைக் குடித்துவிட்டால் வலிப்பே வரும். பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேனும் கொடுக்காதீர்கள். அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தித் தூங்குவதும் உயிருக்கே ஆபத்து.

இறங்கும்போது

ஞாயிறு சாயங்காலம் வரை இருந்துவிட்டுக் கிளம்பினால் என்ன ஆகும்? மழையும் பனிமூட்டமும் சேரும் நேரத்தில், எல்லா வண்டிகளும் ஒன்றாக இறங்கும் நேரத்தில், நீங்களும் இறங்குவீர்கள். காலை டிபன் முடித்ததும் கிளம்புங்கள். மழை பிடிப்பதற்குள் வத்தலக்குண்டு வந்துவிடலாம்.

கீழே வந்ததும் இன்னொரு கவனம். 18 டிகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் 38 டிகிரிக்கு வருகிறோம். ஸ்வெட்டரை வழியிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நீர்மோர், பானகம், நன்னாரி என்று ஏதாவது குடியுங்கள். ஐஸ் போட்ட பானம் உடனே வேண்டாம். அன்றே எண்ணெய் முழுக்கும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டியவர்கள்

ஆஸ்துமா, இருதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தைகள். இவர்கள் சாப்பிடும் மருந்து ஆங்கில மருந்தோ சித்த மருந்தோ, ஒருவேளை கூட விடக் கூடாது. இன்ஹேலர் பெட்டியில் இல்லை, சட்டைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

பேச முடியாமல் மூச்சு வாங்குவது, உதடு நீலம் பூப்பது, நெஞ்சு இறுக்கம், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு போவது. இவற்றில் எது தெரிந்தாலும் கஷாயம் போட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "விடியட்டும், ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று இருந்ததுதான் அந்தக் குடும்பம் செய்த பெரிய தவறு.

பையில் மறக்காமல்...

ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ். குடை அல்லது மழைக்கோட்டு. காரில் ஒரு செட் உலர்ந்த துணி. பிளாஸ்க்கில் வெந்நீர். சுக்கு மல்லிப் பொடி. இஞ்சி, நெல்லி வற்றல். தினசரி மருந்துகள் இரண்டு நாளைக்கு அதிகமாக. டார்ச் லைட்.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? மறு வருடமும் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார். காலை எட்டு மணிக்குப் படகு, பன்னிரண்டு மணிக்கு அறை, சட்டைப்பையில் இன்ஹேலர். திரும்பி வந்து, "டாக்டர், ரெண்டு நாளும் மழை பேஞ்சுது. ரெண்டு நாளும் ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். அதுவும் அழகாத்தான் இருந்துச்சு" என்றார்.

நீங்களும் அப்படியே போய் வாருங்கள்!